சால்வைக்கு முன்னே சேர வேண்டிய உதவி: நம் வேலூர் மாவட்டத்து இளம் சாதனையாளர்கள் குறித்து

பதிவு 1: சத்துவாச்சாரி வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற சனிக்கிழமை மாலை ஒரு பள்ளியில் நடந்த பாராட்டு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மாநில அளவிலான பளுதூக்கும் போட்டியில் பதக்கம் பெற்றுத் திரும்பிய பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்காக எடுத்த விழா அது. வந்திருந்தவர்கள் மனமார வாழ்த்தினார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து சால்வை போர்த்தப் போர்த்த, அந்தப் பிள்ளை அவற்றை மடித்து மடித்துத் தன் தாயிடம் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

நான் கீழே முதல் வரிசையில் அமர்ந்திருந்தேன். மேடை உயரமானது, ஆகவே அவளுடைய காலணிகள் என் கண்ணுக்கு நேரே இருந்தன. சாதாரண கான்வாஸ் காலணி. குதிகாலுக்கு அடியில் பழைய டயரிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டி, அது பிய்ந்துவிடாமல் ஓரத்தைச் சுற்றி நைலான் நூலால் தைத்திருந்தது. விழா முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, போட்டியிலும் இதைத்தான் அணிந்தாயா என்று கேட்டேன். ஆமாம் ஐயா, இது ஒன்றுதான் இருக்கிறது என்றாள்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பளுதூக்குபவரின் காலணியில் குதிகால் ஏறத்தாழ முக்கால் அங்குலம் உயர்ந்து, மரம் போலக் கெட்டியாக இருக்க வேண்டும். எடையோடு முழுவதும் குந்தி எழும்போது அது நசுங்கக் கூடாது. டயர் ரப்பர் நசுங்கும். ஒரு பக்கம் நசுங்கினால் முழங்கால் உள்ளே சாயும். சாய்ந்தால் அந்த எடையை முட்டியும் முதுகும்தான் வாங்கும். அந்தப் பிள்ளை அப்படிப்பட்ட காலணியோடு நின்றுதான் பதக்கம் வாங்கியிருக்கிறாள். அவளுடைய உறுதியை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நம் ஊருக்கு இந்த விளையாட்டில் பெயர் உண்டு. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (தோளில் நிறுத்திப் பிறகு தூக்குவது) 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்டு கோஸ்ட்டில், தொடையில் பட்ட காயத்திலிருந்து முழுவதும் தேறாத நிலையிலும் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் வென்றார். அவருடைய தந்தையும் பளுதூக்கும் வீரர். காலணி எப்படி இருக்க வேண்டும், எப்போது ஓய்வு எடுக்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல வீட்டிலேயே ஒருவர் இருந்தார். நான் பார்த்த பெண்ணின் தந்தை சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. அவருக்குத் தெரிந்த எடை வேறு வகை.

அரசிடம் திட்டங்கள் இருக்கின்றன. ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டுப் பொருள்கள் கொடுக்கப்பட்டுள்ளன. முதலமைச்சர் கோப்பைப் போட்டி நடக்கிறது. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023 முதல் வீரர்களுக்கு நிதி வழங்குகிறது. இவற்றில் ஒன்றைப் பற்றிக்கூட அந்தத் தாயும் தந்தையும் கேள்விப்பட்டிருக்கவில்லை. மேடையில் பேசிய எவரும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான். பிள்ளைகள் சாதித்த பிறகு நாம் கொண்டாடுகிறோம். சாதிப்பதற்கு முன்பு அவர்களுக்கு உரியதைச் சேர்ப்பதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று இங்கே பேசலாமா?

பதிவு 2: பாலாற்றங்கரை

ஐயாவின் வேதனை புரிகிறது. இருந்தாலும் சால்வைக்காக நான் சிறிது பரிந்து பேச வேண்டியிருக்கிறது. என் தங்கை 2009-இல் மாவட்ட அளவில் ஓட்டப் பந்தயத்தில் முதலிடம் பெற்றபோது ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு சால்வை போர்த்தினார்கள். அதுவரை, பெண் பிள்ளையை அரைக்கால் சட்டையோடு ஓட விடுகிறாயே என்று என் தாயைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு கேட்கவில்லை. அந்தச் சால்வை அவளுக்கு ஓர் அனுமதிச் சீட்டாக இருந்தது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக் இறகுப்பந்தில் வெள்ளி வென்ற செய்தி வந்த நாளில், எங்கள் தெருவில் கை ஊனமுற்ற ஒரு சிறுமி தன் தந்தையிடம் மட்டை கேட்டாள். கொண்டாட்டம் என்பது வென்றவருக்கு மட்டும் உரியதன்று. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே சால்வையைக் குறைக்க வேண்டாம், அதோடு வேறு எதைச் சேர்க்கலாம் என்று பேசுவோம் என்பது என் வேண்டுகோள்.

பதிவு 3: குடியாத்தம் மாணவி

வணக்கம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கிறேன். திட்டம் ஒன்று வீட்டு வாசல் வரை வந்தும் உள்ளே வராமல் நிற்பது எப்படி என்று எனக்கு நேரடியாகத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

என் அம்மா பீடி சுற்றுபவர். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, தகர அச்சை இலைமேல் வைத்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி நூல் கட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டே செய்வார். ஒரு நாளைக்கு ஆயிரம் என்பது கணக்கு; நான் பள்ளியிலிருந்து வந்ததும் நுனி மடக்கிக் கொடுப்பேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கியது.

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே விண்ணப்பித்துவிட்டேன். உடன் படித்தவர்களுக்கெல்லாம் பணம் வந்தது. எனக்கு மூன்று மாதமாக வரவில்லை. கேட்டால் அனுப்பிவிட்டோம் என்றார்கள். வங்கியில் கேட்டால் வரவில்லை என்றார்கள். இரண்டுமே உண்மை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது உதவித்தொகைக்காக அம்மா வேறொரு வங்கியில் எனக்குக் கணக்குத் தொடங்கியிருந்தார். என் ஆதார் எண் அந்தப் பழைய கணக்கோடுதான் இணைந்திருந்தது. விண்ணப்பத்தில் புதிய கணக்கு எண்ணை எழுதினாலும், பணம் ஆதாரைப் பின்பற்றிப் பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணக்குப் புத்தகம் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. வங்கியில் கொடுத்து அச்சடித்துப் பார்த்தபோது மூன்று வரிகள், மூன்று ஆயிரங்கள். அம்மா அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பேருந்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் வழியில்லாமல், படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று நான் சொல்லிவிட்டேன். அம்மாதான் விடவில்லை. எங்கள் தெருவில் என்னோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருத்தி நின்றே விட்டாள். அவளுக்கு மதிப்பெண் என்னைவிட அதிகம்.

இன்னொன்று. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தொழிலாளர் நலத் திட்டத்தில் கல்வி உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவிடம் அந்த அட்டை 15 ஆண்டுகளாக இருக்கிறது. நான் பள்ளியில் படித்த ஆண்டுகளில் எவரும் சொல்லாததால் ஒரு முறைகூட விண்ணப்பிக்கவில்லை. விவரம் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டும் கிடைப்பதாக ஓர் உதவி இருக்கலாமா?

பதிவு 4: சத்துவாச்சாரி வாத்தியார்

மகளே, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பழைய கணக்குப் புத்தகத்தைத் தேடிப் பார் என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் உன் தோழி இன்று உன்னோடு பேருந்தில் வந்திருப்பாள். அவளிடம் பேசிப் பார்க்க முடியுமா? இந்த ஆண்டு சேர்க்கைக்கு அவள் விரும்பினால் என்னால் இயன்றதைச் செய்கிறேன்.

பதிவு 5: ஒடுகத்தூர் இ-சேவை

நான் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஆகிய மலை ஊராட்சிகளிலிருந்து வருபவர்கள்தான் எனக்குப் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். சான்றிதழ் பற்றி எவரும் பேசவில்லையே என்று காத்திருந்தேன்.

மலையில் வாழும் மலையாளி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்லர்) பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் அவர்களுடைய பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. வடஆர்க்காடு என்ற மாவட்டம் இன்று வரைபடத்தில் இல்லை. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. எஞ்சிய பகுதி பின்னர் வேலூர் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மலை மட்டும் ஒன்றாகவே நின்று, மூன்று மாவட்டங்களில் கால் வைத்திருக்கிறது. ஆகவே ஒரு பையனின் தாத்தாவுடைய பத்திரத்தில் வடஆர்க்காடு, அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் திருவண்ணாமலை, அவனுடைய ஆதாரில் வேலூர் என்று இருக்கும். மூன்றும் ஒரே குடும்பம்தான் என்று காட்டுவது அந்தக் குடும்பத்தின் பொறுப்பாகிவிடுகிறது.

மற்றவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலக அளவில் முடிந்துவிடும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும், விசாரணை உண்டு, அது முறையானதுதான், போலிச் சான்றிதழ்கள் உண்மையான பழங்குடிப் பிள்ளைகளின் இடத்தைப் பறித்துவிடக் கூடாது. ஆனால் அந்த விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதை மலையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே எவரும் சொல்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவனுக்கு அடிவாரத்தில் பெரிய பதாகை வைத்தார்கள். அவன் படத்துக்குக் கீழே, மலையின் மாணிக்கமே என்று எழுதியிருந்தது. அந்தப் பதாகைக்கு நேர் எதிரே என் கடை. ஒரு நாள் காலையில் அவனும் அவன் தந்தையும் வந்து, பொறியியல் கலந்தாய்வுக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள், இன்றே எடுத்துத் தர முடியுமா என்றார்கள். இன்றே முடியாது என்று சொன்னபோது அந்தத் தந்தையின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். பழங்குடியினருக்கு மாநிலத்தில் இருப்பது 1 சதவீத ஒதுக்கீடு. அந்த ஒரு சதவீதத்துக்குள் நுழைய ஒரு தாள் வேண்டும். நான் என் இரு சக்கர வாகனத்தில் அவர்களை ஏற்றிக்கொண்டு எந்தெந்த அலுவலகத்துக்குப் போனேன் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. நல்ல அதிகாரி ஒருவர் மனம் வைத்தார். கலந்தாய்வுக்கு முந்தைய நாள் மாலை சான்றிதழ் கிடைத்தது. பையன் இப்போது படித்து முடித்து வேலையில் இருக்கிறான்.

அந்தப் பதாகையை வைத்த இளைஞர்கள் நல்லவர்கள், என் நண்பர்கள். அவர்களுக்கும் தெரியாது. ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழை எடுத்து வைத்துவிட்டால் இந்த ஓட்டம் எதுவும் தேவையில்லை. இதைத்தான் நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். வருமானச் சான்றிதழ் குறிப்பிட்ட காலம் வரைதான் செல்லும், அதைக் கடைசியில் எடுக்கலாம். சாதிச் சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கான ஆவணங்களையும் முன்பே சேர்த்து வையுங்கள். முதல் பட்டதாரி என்றால் தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை 2010-11 முதலே இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மருத்துவத்துக்கு 2020-இலும் பொறியியல் போன்ற படிப்புகளுக்கு 2021-இலும் வந்தது.

பதிவு 6: ஆம்பூர்க்காரன்

மேலே உள்ளவற்றையெல்லாம் படித்தேன். இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். ஒன்று மாறுபட்ட கருத்து, மற்றொன்று வாத்தியார் ஐயாவுக்கானது.

திட்டங்கள் பெரும்பாலும் படிக்கிற பிள்ளைகளைச் சுற்றியே பேசப்படுகின்றன. எங்கள் ஊரில் பத்தாம் வகுப்போடு ஷூ தொழிற்சாலைக்கு வந்துவிடும் இளைஞர்களும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இருபது வயதுப் பெண் ஒருத்தி தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டுக் கடையில் போய் நிற்கும் காலணியின் மேற்பகுதியைக் கோடு பிசகாமல் தைக்கிறாள். அதுவும் சாதனைதான் என்று நான் நம்புகிறேன்; அவளுக்கு எந்த மேடையும் இல்லை. நான் முதல்வன் திட்டம் 2022-இல் வந்தபோது, கல்லூரியில் இருப்பவர்களுக்குத் திறன் பயிற்சி கிடைக்கிறது என்று மகிழ்ந்தேன். என் மகன் அதில் ஒரு வகுப்பு முடித்தான், சான்றிதழ் வந்தது, ஆனால் இயந்திரத்தைத் தொட்டுக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு போதவில்லை என்பது என் அனுபவம். பிறருக்கு வேறு மாதிரி இருந்திருக்கலாம். தொழில் தொடங்க விரும்பும் தகுதியுள்ளவர்களுக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக, புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு என்பதும் எங்கள் தொழிற்சாலைக் கதவுகளுக்குள் எட்டாத செய்தி.

இரண்டாவது. நான் 22 ஆண்டுகளாக அந்தத் தொழிலில் இருக்கிறேன்; லாஸ்ட் என்னும் கால் வடிவ அச்சின் மீது மேற்பகுதியை இழுத்துப் பொருத்தும் பிரிவில் மேற்பார்வையாளர். வேலூரிலிருந்து 50 கிலோமீட்டரில் உலகத்துக்குக் காலணி செய்யும் ஊர் இருக்கும்போது, நம் பகுதிப் பிள்ளை டயரை ஒட்டிக்கொண்டு எடை தூக்கினாள் என்பதைப் படித்து எனக்கு வெட்கமாக இருந்தது. தோல் அடுக்கிச் செய்த குதிகாலோ மரக் குதிகாலோ பொருத்தி, பாதத்தின் குறுக்கே இறுக்கும் பட்டையோடு ஒரு ஜோடி செய்ய எங்களால் முடியும். எங்கள் பிரிவில் நான்கு பேரிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வோம். அளவு வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பாதங்களையும் ஊன்றச் சொல்லி, எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கும்படி நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைந்து அனுப்புங்கள். பாதத்தின் நடுப்பகுதியைச் சுற்றி நூலால் அளந்து அந்த நீளத்தையும் எழுதுங்கள். மாலையில் அளவெடுங்கள் ஐயா. காலையில் எடுத்தால் பாதம் சற்றுச் சிறுத்திருக்கும்.

பதிவு 7: தேர்வுக்குப் படிப்பவன்

வேலூரில் தங்கிக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு எழுதித் தேர்வாகும் 1,000 பேருக்கு 10 மாதங்கள், மாதம் 7,500 ரூபாய் வழங்குகிறார்கள். முதல்நிலைத் தேர்வில் வென்றால் 25,000 ரூபாய் தனியே உண்டு. முதல் முறை எழுதியபோது எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கிடைத்தது. கிடைக்காத ஆண்டில் மளிகை மொத்த வியாபாரக் கடையில் மாலை நேரத்தில் கணக்கு எழுதினேன். கிடைத்த ஆண்டில் அந்த நேரமும் படிப்புக்கு ஆயிற்று. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

நான் இன்னும் வெல்லவில்லை. வென்றால் ஊரில் பதாகை வைப்பார்கள் என்று தெரியும். ஆனால் அந்த 7,500 ரூபாய் பற்றி என்னிடம் சொன்னவர் நூலகத்தில் எதிர் இருக்கையில் படித்த, பெயர்கூட அப்போது தெரியாத ஓர் அண்ணன். அவருக்கு வயது வரம்பு முடிந்துவிட்டது. இங்கே பாராட்டு என்று எதையேனும் எழுத வேண்டுமானால் அவருக்கு எழுதுகிறேன்.

பதிவு 8: காட்பாடி தலைமையாசிரியை

அனைவரும் எழுதியதைப் பள்ளி முடிந்து உட்கார்ந்து படித்தேன். பள்ளியின் தரப்பிலிருந்து நேர்மையாகச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் சொல்வதில்லை என்பது முழு உண்மையன்று. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்கிறோம். அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறோம். ஆனால் சொல்வது வேறு, சேர்வது வேறு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 6,695 பேருக்குக் கிடைக்கும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் என்பது பல வீடுகளில் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்யும் தொகை. ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் உண்டு. அதில் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், பட்டப்படிப்பு வரை. பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறிவுத் தேர்வில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுகள். இவை எல்லாமே பிள்ளை உலகறிய எதையும் சாதிப்பதற்கு முன்பே கிடைப்பவை. வாத்தியார் ஐயா கேட்ட கேள்விக்கு விடை இவற்றில்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் எட்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு மாணவன் வருவாய்வழித் திறன் தேர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை. கடைசி நாளுக்கு மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அவன் பாட்டியோடு இருக்கிறான். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். வாட்ஸ்அப் செய்தி அவர்களுடைய கைபேசியில்தான் வந்திருக்கிறது, பாட்டியிடம் பொத்தான் கைபேசி மட்டுமே உண்டு. நான் அந்தப் பாட்டியின் வீட்டுக்கு ஒரு முறை நடந்து போயிருந்தால் போதும். இந்தத் தவற்றை என் பெயரில்தான் எழுதிக்கொள்கிறேன்.

பள்ளிக்கு வராத பெற்றோரும் பாட்டிகளும் தவறாமல் வந்து சேரும் ஒரே இடம் பாராட்டு விழா. தம் பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ பரிசு கொடுக்கிறார்கள் என்றால் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். பாலாற்றங்கரை நண்பர் சொன்னதை நான் அங்கேதான் பொருத்திப் பார்க்கிறேன். சால்வை இருக்கட்டும். மேடைக்குப் பக்கத்தில் இரண்டு மேசை போடுவோம். ஒரு மேசையில், எந்த வகுப்பில் எந்தத் தேர்வு என்று சொல்லி அங்கேயே படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் இருக்கட்டும். இன்னொரு மேசையில், கைபேசியிலேயே ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லட்டும். இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை எங்கள் பள்ளியில் விளையாட்டுப் பரிசளிப்பு விழா இருக்கிறது. முதலில் அங்கே செய்து பார்க்கலாம். ஒடுகத்தூர் தம்பி ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு வர முடியுமா?

பதிவு 9: ஒடுகத்தூர் இ-சேவை

வருகிறேன் அம்மா. மடிக்கணினியும் சிறிய அச்சு இயந்திரமும் கொண்டு வருகிறேன். மின் இணைப்புக்கு நீளமான ஒயர் மட்டும் பள்ளியில் ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோர் வரும்போது குடும்ப அட்டை, ஆதார், பழையது புதியது என்று பாராமல் வீட்டில் இருக்கும் எல்லா வங்கிப் புத்தகங்களையும் எடுத்து வரும்படி அழைப்பிதழிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பதிவு 10: பாலாற்றங்கரை

அழைப்பிதழ் அச்சிடும் செலவு என்னுடையது. ஒரு வேண்டுகோள் உண்டு. எந்தத் திட்டம் எந்த ஆட்சியில் வந்தது என்ற பேச்சு அந்த மேசைக்கு வர வேண்டாம். ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒரு காலத்தில் வந்தது, முதல் பட்டதாரிச் சலுகை ஒரு காலத்தில் வந்தது, 7.5 சதவீதம் ஒரு காலத்தில் வந்தது, புதுமைப்பெண் ஒரு காலத்தில் வந்தது. வரிசையில் நிற்கும் பாட்டிக்கு அவை எல்லாம் ஒரே மேசைதான்.

பதிவு 11: குடியாத்தம் மாணவி

வங்கிக் கணக்கு மேசையில் நான் உட்காருகிறேன் அம்மா. என் வகுப்புத் தோழிகள் இருவரும் வருகிறார்கள். பீடித் தொழிலாளர் அட்டை வைத்திருப்பவர்களையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

வாத்தியார் ஐயா, நீங்கள் கேட்டபடி என் தோழியிடம் பேசினேன். அவள் இப்போது துணிக்கடையில் இருக்கிறாள். முதலில் பேச்சை மாற்றினாள். பிறகு, மதிப்பெண் பட்டியலை எங்கே வைத்தேன் என்று தேடிப் பார்க்கிறேன் என்றாள். நேற்று இரவு அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

பதிவு 12: சத்துவாச்சாரி வாத்தியார்

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். ஆம்பூர் நண்பர் எழுதியது போலவே இரண்டு வெள்ளைத் தாள்களைத் தரையில் விரித்து, காலை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு நிற்கச் சொன்னேன். இரு காலிலும் எடை சமமாக இருக்க வேண்டும் என்றதும் அவள் பயிற்சிக் கூடத்தில் நிற்பது போலவே தோளை விரித்து, பார்வையை நேரே சுவரில் வைத்து நின்றாள். அவளுடைய தந்தைதான் பென்சில் பிடித்தார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல்களால் அவர் அந்தக் கோட்டை எவ்வளவு நிதானமாக இழுத்தார் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இடது பாதத்துக்கு மட்டும் இரண்டு தாள்கள் வீணாயின.

தாள்களை இன்று காலை விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். வலது பாதம் இடதைவிட 4 மில்லிமீட்டர் நீளம். நூலால் அளந்த சுற்றளவை ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் எழுதியிருக்கிறேன். நண்பரே, ஒரு செய்தி மட்டும். அவளுக்கு வயது பதினைந்து; கால் இன்னும் வளரும். பெருவிரலுக்கு முன்னால் சிறிது இடம் விட்டுச் செய்ய முடியுமா என்று அவள் தாய் கேட்கச் சொன்னார். கெட்டியாகப் பிடிக்க வேண்டிய காலணியில் எவ்வளவு இடம் விடலாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கான விண்ணப்பத்தை வரும் சனிக்கிழமை மேசையில் அவளையே முதலில் உட்கார வைத்து நிரப்புகிறோம். பதக்கச் சான்றிதழின் நகல் அவளிடம் ஒன்றுதான் இருந்தது; நான் ஐந்து எடுத்து வைத்திருக்கிறேன்.